வலையை அறுத்து ஆவுளியாவை விடும் மீனவர்கள்: போன வலைக்கு யார் பொறுப்பு?

ராமேசுவரம்:

வலையில் ஆவுளியா மாட்டிக்கொண்டால் மீனவர் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் வலையை அறுத்து விடவேண்டும். இல்லாவிட்டால் அது மூச்சு முட்டி செத்துப்போகும்.

கடல் பசு என்று அதிகாரிகள் எழுதும் பிராணியைத்தான் பாம்பன், மண்டபம் பக்கம் ஆவுளியா என்பார்கள். மீன் மாதிரி தெரிந்தாலும் இது மீன் அல்ல. குட்டி போட்டு பால் கொடுக்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். வலை கீழே பிடித்து வைத்தால் அதோடு கதை முடிந்தது.

தகவல் சொல்லி, வனத்துறை படகு கிளம்பி, இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் சட்டம் எத்தனை இருந்தாலும், நடுக்கடலில் ஆவுளியாவைக் காப்பாற்றப் போவது அந்தப் படகில் நிற்கிற நாலு பேர்தான். சம்பளம் இல்லை, உத்தரவு இல்லை. முழுக்க முழுக்க தொண்டு. இந்தத் தொண்டை நம்பித்தான் இன்றைக்கு பாக் ஜலசந்தி, மன்னார் வளைகுடா பாதுகாப்பே நடக்கிறது என்று சொன்னாலும் தப்பில்லை.

மொத்தமே 240

இந்தியக் கடலில் மிச்சம் இருப்பவை சுமார் 240 என்று அரசு சொல்கிறது. தமிழ்நாடு, குஜராத், அந்தமான் தவிர வேறு எங்கும் கிடையாது. ஒரு காலத்தில் இதே கரையில் ஆவுளியா கறி விற்றதும் உண்டு. பெரியவர்களைக் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

இது மெதுவாகப் பெருகும் ஜீவன். சினை 13, 14 மாதம். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு குறைந்தது 3 வருடம், சில சமயம் 7 வருடம் கூட ஆகும். ஆகவே ஒரு தாய் வலையில் செத்தால் அந்த நஷ்டம் சீக்கிரம் ஈடாகாது.

2022-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந்தேதி நாட்டிலேயே முதல் கடல் பசு காப்பகத்தை தமிழக அரசு அறிவித்தது. 448 சதுர கிலோமீட்டர். தஞ்சை மாவட்டம் அதிராம்பட்டினத்தில் தொடங்கி புதுக்கோட்டை மாவட்டம் அம்மாபட்டினம் வரை. நல்ல காரியம்தான். ஆனால் ஆவுளியாவுக்கு மாவட்ட எல்லை தெரியுமா? கடல் தாழை எங்கே முளைத்திருக்கிறதோ அங்கே மேயப் போகும். ராமநாதபுரம் மாவட்டத்து வலைக்கும் வரும்.

பரிசு வேறு, வலை விலை வேறு

ஆவுளியா 3 மீட்டர் நீளம், 400 கிலோ எடை வரை வளரும். அது புரண்டு முறுக்கினால் வலை கந்தல்தான். மிச்சத்தை மீனவர் கத்தியால் அறுக்கிறார். அன்றைய பாடும் போச்சு, வலையும் போச்சு. நாட்டுப்படகுக்காரருக்கு அந்த வலை பெரும்பாலும் கடன் வாங்கிப் போட்டது.

விடுவித்தவர்களைக் கூப்பிட்டு பாராட்டியிருக்கிறார்கள், பரிசும் கொடுத்திருக்கிறார்கள். டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் மீனவர்களை தன்னார்வலர்களாகச் சேர்த்ததோடு, கடலோர கிராமப் பிள்ளைகளுக்கு படிப்பு உதவித்தொகையும் கொடுத்தது. இதையெல்லாம் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பரிசு என்பது பெயர் வெளியே வந்தவருக்கு. சத்தமில்லாமல் அறுத்துவிட்டு கரைக்கு வந்தவருக்கு கிழிந்த வலைதான் மிச்சம்.

இதில் பயமும் சேர்ந்திருக்கிறது. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் ஆவுளியா முதல் பட்டியலில் உள்ளது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு ஜெயில். வேண்டுமென்றே பிடிக்கவில்லை, தானாக வந்து மாட்டியது என்று நிரூபிக்க நடுக்கடலில் சாட்சிக்கு எங்கே போவது? செத்த ஆவுளியா வலையில் வந்தால் கரைக்குக் கொண்டுவந்து காட்டுவதைவிட கடலிலேயே தள்ளிவிட்டு வரலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படித் தள்ளியது எந்தக் கணக்கிலும் வராது. எத்தனை இருக்கிறது என்பதே கூட அதனால் சரியாகத் தெரியாமல் போகும்.

கேரளாவில் என்ன செய்தார்கள்?

2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தில் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு தாங்களாகவே மீட்புக்குப் போனதை மறக்க முடியாது. அதற்கு அந்த மாநில அரசு, எரிபொருள் போக ஒரு படகுக்கு நாளைக்கு 3 ஆயிரம் ரூபாய் தருவதாக அறிவித்தது. உடைந்த படகை சரிசெய்து தருவதாகவும் சொன்னது. செய்த தொண்டுக்குக் கூலி கணக்குப் பார்த்தது போல சிலருக்குத் தோன்றலாம். ஆனால் போன தொழில் சாமானை திருப்பிக் கொடுப்பது கூலி ஆகாது.

மகாராஷ்டிராவில் இதையே கடல் பிராணிகளுக்குச் செய்கிறார்கள். ஆமை, திமிங்கல சுறா போன்ற பாதுகாக்கப்பட்ட ஜீவன்களை விட வலையை அறுத்தால் 25 ஆயிரம் ரூபாய் வரை நஷ்டஈடு. 2018 முதல் நடக்கிறது.

பாம்பன் பெண்கள் போட்ட கட்டுப்பாடு

யாரும் சொல்லாமலேயே கடலைக் காப்பாற்றுவது இந்தத் தீவுக்குப் புதுசு இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் தேசிய பூங்கா ஆனபிறகு, தீவுகளைச் சுற்றி பாசி எடுத்து வந்த பெண்களுக்கும் வனத்துறைக்கும் ஓயாத தகராறு. விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்பைக் கட்டிக்கொண்டு முங்கி மரிக்கொழுந்து பாசி பறிக்கிறவர்கள் இவர்கள். பாறையில் காலும் கையும் கிழியும்.

அப்படிப்பட்டவர்களே கூடிப் பேசி, மாதத்துக்கு 12 நாள்தான் பாசிக்குப் போவது, இரும்பால் சுரண்டாமல் கையால்தான் பறிப்பது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். பாம்பன் சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது இதற்காகத்தான். தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குக் கொடுக்கும் விருது அது, 10 ஆயிரம் டாலர். விருது வந்த பிறகும் மீதி நாட்களுக்கு வேலை என்ன என்ற கேள்விக்கு அந்தப் பெண்களேதான் பதில் தேட வேண்டியிருக்கிறது.

வலை அறுக்கும் ஆண்களுக்கும், பாசிக்குப் போகாமல் நிற்கும் பெண்களுக்கும் கணக்கு ஒன்றுதான். நன்மை எல்லோருக்கும், நஷ்டம் அந்த வீட்டுக்கு மட்டும்.

மகாராஷ்டிராவில் நஷ்டஈடு கேட்க மீனவர் காட்டும் சாட்சி, விடும்போது செல்போனில் எடுத்த படம். தஞ்சை கடற்கரையில் ஆவுளியாவை விட்டபோதும் மீனவர்கள் படம் எடுத்தார்கள். அது ஊரெல்லாம் சுற்றி, பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் படத்தை வைத்தே வலைக்கு விலை போட முடியும்.