அறளை பெயர்ந்தவர் என்று கைகழுவலாமா?

“அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது” என்று ஒரே வசனத்தில் ஒரு மனிதரின் கணக்கை நம்மவர் முடித்துவிடுகின்றனர். கண்ணில் புரை வளர்ந்தால் சத்திரசிகிச்சை செய்விக்கிறோம். மூளை தளர்ந்தால் மட்டும் “வயது போனால் அப்படித்தான்” என்கிறோம். இந்த மனப்போக்கை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

டிமென்ஷியா முதுமையின் இயல்பு அன்று. மூளையைத் தாக்கும் நோய்களின் விளைவு. 1906 ஆம் ஆண்டு ஜேர்மனிய வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர் ஆராய்ந்த மூளை, 55 வயதில் இறந்த பெண்ணொருவருடையது. மூக்குக்கண்ணாடியை வைத்த இடத்தை மறப்பது வேறு. நாற்பது வருடம் நடந்த ஒழுங்கையில் தன் வீட்டுப் படலையை அறியாது நிற்பது வேறு.

மறதி யாவும் டிமென்ஷியாவும் அன்று. தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியனவும் நினைவைக் குலைக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஓரிரு நாட்களில் திடீரெனத் தடுமாறினால் கிருமித்தொற்றுக் காரணமாகலாம். உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். பரிசோதியாமல் “அறளை” எனத் தீர்ப்பளிப்போர், குணமாகக்கூடியவரையும் சேர்த்தே கைவிடுகின்றனர்.

“குணப்படுத்த மருந்தில்லையே, கண்டறிந்து என்ன பயன்?” என்பர். முற்றாகக் குணப்படுத்த மருந்தில்லைதான். ஆயினும் டொனெபெசில் போன்ற மருந்துகள் சிலருக்கு அறிகுறிகளைச் சற்றுத் தணிக்கின்றன. குருதியழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுப்படுத்தலாம். கேட்டல் குறைபாட்டைச் சீர்செய்யலாம். அனைத்திலும் மேலாக, அறிவு தெளிவாக உள்ளபோதே காணி, வங்கிக்கணக்கு, பராமரிப்பு பற்றி நோயாளியே தீர்மானிக்கலாம். காலம் தாழ்த்தினால் அந்த உரிமையைப் பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்வர்.

பராமரிப்புச் சுமையோ பெரும்பாலும் ஒரு மகளின் அல்லது மருமகளின் தலையில். வெளிநாட்டிலிருந்து பத்து நிமிடம் பேசிவிட்டு, “அம்மா நன்றாகத்தானே கதைத்தார்” என்னும் அண்ணன்மார், இரவு முழுவதும் விழித்திருப்பவளைப் பொய்யராக்குகின்றனர்.

அரசும் பொறுப்புக் கூறவேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயதைக் கடந்தோர் இந்நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல். அதன் பின்னர் அவ்விகிதம் உயர்ந்தே வந்துள்ளது. ஆங்கிலச் சொல்லைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டச் சொல்லும் பரிசோதனை, பள்ளிக்கூடம் செல்லாத கிராமத்து ஆச்சியின் நோயையா அளக்கும்? அவரது கல்வியின்மையை அல்லவா அளக்கும்! ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையிலும் நினைவாற்றல் சிகிச்சைநிலையம் வேண்டும். பரிசோதனை தாய்மொழியில் நடைபெறவேண்டும்.

உங்கள் வீட்டு முதியவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? ஏசாதீர்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.