தொழிலாளர் வழக்கறிஞர் நமக்குப் பகைவரா?

சங்கத்துச் சிப்பந்தி ஒருவர் வக்கீலைக் கண்டு வந்தார் என்று கேள்வியுற்றவுடனே நிர்வாகக் குழுவினர் முகம் சுளிப்பதை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்ற பேச்சும் எழுகின்றது. வேலை தொடர்பான வழக்குகளை நடத்துவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட வழக்கறிஞர்களைக் கலகமூட்டுவோர் என்று கருதும் வழக்கமும் நம்மிடையே உண்டு. இக்கருத்து பிழையானது என்பதோடு, சங்கங்களுக்குப் பொருள் நஷ்டத்தையும் விளைவிப்பது என்பதே நமது அபிப்பிராயம்.

இத்தொழிலுக்கு அவசியம் எவ்வாறு நேர்ந்தது? 1918 ஏப்ரல் 27 அன்று, பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா, திரு. வி. க. முதலியோர் அதன் முன்னணியில் நின்றனர். 1920-ல் ஆலை நிர்வாகம் உயர்நீதிமன்றத்தை நாடி, ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினர் என வாடியா முதலியோர் மீது வழக்கிட்டுத் தடையுத்தரவு பெற்றது. சங்கத்தைக் காக்கும் தனிச் சட்டம் அன்று இல்லை. ஆகவே வாதாடப் பிடிப்பும் இல்லை. அக்குறையைப் போக்கவே 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது.

பின்னர் வந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. சமரசப் பேச்சில் வக்கீலுக்கு இடமே இல்லை. தீர்ப்பாயத்திலும் எதிர்த்தரப்பின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் இருந்தாலன்றி அவர் வாதாட இயலாது. பணம் படைத்தவர் பெரிய வக்கீலைக் கொண்டு ஏழையை மடக்கிவிடலாகாது என்பது இதன் நோக்கம். ஆயினும் முதலாளிகள் சங்கத்தின் நிர்வாகியாக உள்ள வக்கீல், அந்தப் பதவியின் பேரில் ஆஜராகலாம் என உச்ச நீதிமன்றம் 1976-ல் பாரதீப் துறைமுக வழக்கில் கூறிற்று. தொழிற்சங்க நிர்வாகிக்கும் அவ்வுரிமை உண்டு. ஆனால் எச்சங்கத்திலும் சேராத தனி ஆள் என் செய்வான்?

அத்தனி ஆளுக்குச் சட்டம் மெல்ல மெல்லவே இரங்கியது. 1965-க்கு முன் ஒருவனை வேலைநீக்கம் செய்தால், பிற தொழிலாளர் அவனுக்காக நின்றாலன்றி அது தொழில் தகராறு ஆகாது. அவ்வாண்டுத் திருத்தம் அவன் ஒருவனது குறையையே தகராறாக ஏற்றது. 1971-ன் திருத்தம், தண்டனை குற்றத்துக்கு மிஞ்சியதாயின் அதைக் குறைக்கும் அதிகாரத்தைத் தீர்ப்பாயத்துக்கு அளித்தது. ஒவ்வொரு திருத்தத்தின் பயனும், அதை அறிந்து எடுத்துரைக்கும் வழக்கறிஞர் இருந்தால்தானே ஏழையின் கைக்கு எட்டும்?

இவ்வழக்கறிஞரின் வேலை நாவன்மையைக் காட்டிலும் ஏடுகளைச் சார்ந்தது. வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், குற்றக் குறிப்பாணை, விசாரணை அறிக்கை ஆகியவற்றை வரிவரியாகப் படிப்பதே அவரது நாளின் பெரும்பகுதி. கட்சிக்காரர் வேலையிழந்தவராதலால் கட்டணமும் தாமதமாகவே வரும். சொத்து வழக்கில் ஈட்டக்கூடியதை இங்கே ஈட்டுதல் அரிது.

நாம் பார்வையிட்ட ஒரு சங்கத்தில், இருப்பு குறைந்தது என்று விற்பனையாளர் ஒருவரை நீக்கினர். குறைவு இருந்ததோ இல்லையோ, இருப்புப் பதிவேட்டின் நகலை அவருக்குக் காட்டவில்லை. அவர் தரப்புச் சாட்சியையும் கேட்கவில்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் வேலைக்குத் திரும்பினார். பின்சம்பளம் அங்கத்தினர்களின் லாபத்திலிருந்து சென்றது. "வக்கீல் கெடுத்தார்" என்றனர் குழுவினர். கெடுத்தவர் வக்கீலல்லர், காட்டாத அந்தப் பதிவேடே கெடுத்தது.

2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய பிரிவுகளை மனப்பாடம் செய்தவரும் மீண்டும் படிக்க வேண்டிய காலம் இது. ஆகவே நிர்வாகிகளுக்கு நாம் கூறுவது மூன்று. ஏடுகளை அன்றன்றே எழுதுங்கள். ஒருவரை நீக்குமுன், நீக்கியபின் அல்ல, தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரைக் கலந்து பேசுங்கள். சிப்பந்தியும் அவ்வாறே ஒருவரைக் கலந்தால் கோபங்கொள்ளாதீர்கள்.

அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளைகளுள் சட்டம் பயில்வோர் இத்துறையை விரும்பினால் தடுக்க வேண்டாம். தறிக்குழியில் அமர்ந்து கூலிக் கணக்குப் பார்த்த வீட்டில் வளர்ந்தவனுக்கு, ஒரு நாள் கூலி குறைவது இன்னதென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. வேலை கொடுத்தவரும் வேலை செய்தவரும் ஒரே கூரையின் கீழ் அங்கத்தினராக இருக்கும் நம் சங்கங்களில், நியாயம் இன்னதென இரு தரப்புக்கும் அஞ்சாது கூறுபவரே நமக்குத் தேவை.