வயிற்றுக்குள்ளே பொடி வைத்து ஊதுற வேலை

பெர்லினில் இருக்கிறவர்கள் வெயில் நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஃபாவன்இன்சலுக்குப் போவதுண்டு, மயில் பார்க்க. அந்தத் தீவில் 1685 அளவில் யோகான் குங்கல் என்ற ரசவாதி கண்ணாடிச் சூளை வைத்திருந்தார். கண்ணாடிக் குழம்பில் துளி தங்கம் சேர்த்து மாதுளைச் சிவப்பில் கிண்ணம் செய்தவர் அவர். மஞ்சள் தங்கம் ஏன் சிவக்குது என்று 1908இல் கிரைஃப்ஸ்வால்டில் இருந்த குஸ்தாவ் மீ கணக்குப் போட்டு விளக்கினார். துகள் மிகச் சிறிதானால் அதிலுள்ள எலெக்ட்ரோன்கள் ஒளியோடு சேர்ந்து ஆடி, பச்சை நிறத்தை விழுங்கிவிடும்.

விழுங்கிய ஒளி சூடாக மாறும். மருத்துவத்துக்கு வேண்டியது அந்தச் சூடுதான். துகளைக் குட்டிக் கோல் வடிவில் செய்தால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது இழுக்கும். அந்த ஒளி தசையைப் பெரிதாகச் சுடாமல் உள்ளே போகும்.

சங்கிலி அறுந்தால் ஊரில தட்டார் என்ன செய்வார்? சங்கிலியை உருக்கமாட்டார். சீக்கிரம் உருகும் பொடியை இடையில் வைத்து ஊதுவார். இங்கே பொடிக்குப் பதில் அல்புமின் போன்ற புரதப் பசை, அதற்குள் தங்கத்துகள். லேசர் பட்டதும் பசை அவித்த முட்டை வெள்ளைபோல இறுகி, இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும்.

நூல் இருக்க இது எதற்கு? குடலைத் தைக்கும்போது ஊசி போன இடமெல்லாம் துளை. தையல் கசிந்து உள்ளே இருப்பது வயிற்றுக்குள் கொட்டினால் உயிருக்கே ஆபத்து.

சிக்கல் சூட்டில்தான். கூடினால் தசை செத்துப்போகும், குறைந்தால் ஒட்டாது. போடன்சேக்கு அந்தப் பக்கம் சுவிஸ் சென்ட் காலனில் உள்ள எம்பா ஆய்வாளர்கள் 2023இல் பசைக்குள் இரண்டுவகைத் துகள் வைத்தார்கள்: ஒன்று சூடேற்ற, மற்றது உள்ளிருந்தே சூட்டைக் காட்ட. சூடேற்ற அவர்கள் எடுத்தது டைட்டானியம் நைட்ரைடு. ட்ரில் முனையில் தங்கம்போல மினுங்குதே, அதே சாமான்! வெட்டியெடுத்த திசுக்களில் நன்றாக ஒட்டியது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் வரவில்லை.

பிள்ளை விழுந்து நெற்றியில் சின்ன வெட்டென்றால், தையல் போடமுன் வைத்தியரிடம் 'ஹவுட்கிளேபர்' போதுமா என்று கேளுங்கோ. அதில தங்கமும் இல்லை, லேசரும் இல்லை, ஒரு நிமிசத்தில காய்ந்துவிடும்.