பைண்ட் 10: நிறுத்தியது சரிதான்

உலாவியில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் அதை எண் முகவரியாக மாற்றித் தருவது டி.என்.எஸ். சர்வர். இந்த வேலையைச் செய்யும் மென்பொருள்களில் மூத்தது பைண்ட். 1980களின் தொடக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் எழுதியது. (காலேஜ் புராஜெக்ட் என்றால் வைவா முடிந்ததும் பரணுக்குப் போய்விடும் என்று யார் சொன்னது?)

இப்போது அதைப் பராமரிப்பது ஐ.எஸ்.சி. என்ற லாப நோக்கமற்ற நிறுவனம். பழைய நிரலை ஒட்டுப்போட்டே ஓட்ட முடியாது என்று முதலிலிருந்து புதிதாக எழுதி, 2000-இல் பைண்ட் 9 வந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர்கள் சன், ஐபிஎம், ஹெச்.பி. போன்ற கம்பெனிகளும், அமெரிக்க ராணுவத் துறையின் ஓர் அமைப்பும். தர்மம் ஒன்றுமில்லை. தாங்கள் விற்கும் யூனிக்ஸ் கணினிகளுக்குள் அந்த மென்பொருள் இருந்தது, அவ்வளவுதான்.

2009-இல் மறுபடியும் அதே ஆசை. பைண்ட் 9-இல் எல்லா வேலையும் ஒரே புரோகிராமுக்குள். உள்ளே ஏதோ முரண்பாடு தெரிந்தால், தப்பான பதில் தருவதைவிடச் சாவதே மேல் என்று முழுவதுமாக நின்றுவிடும். பைண்ட் 10-இல் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி புரோகிராம், ஒன்று விழுந்தால் மற்றவை ஓடும். சி பிளஸ் பிளஸ், பைதான் இரண்டிலும் எழுதினார்கள். 2013-இல் முதல் பதிப்பு வந்தது. 2014 ஏப்ரலில் ஐ.எஸ்.சி. கையைக் கழுவிவிட்டது.

"ஐந்து வருடப் பணம் போச்சே!" என்று அங்கலாய்ப்பவர்களுக்கு காஸ்ட் அக்கவுண்டிங் பாடம் ஒன்று உண்டு. செலவழித்த பணம் செலவழித்ததுதான், இனி ஆகப்போகும் செலவைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பைண்ட் 9-ஐ விட்டு யாரும் கிளம்பத் தயாராயில்லை. இரண்டையும் ஒரு சின்ன நிறுவனம் எத்தனை நாள் சுமக்கும்? மாற்று வேண்டியவர்களுக்கு என்.எஸ்.டி., அன்பவுண்ட், பவர்டி.என்.எஸ். எல்லாம் ஏற்கெனவே இருந்தன. பதின்மூன்று ரூட் சர்வர்களில் ஒன்றான 'கே' 2003-லேயே என்.எஸ்.டி.க்கு மாறியிருந்தது. ஒரே மென்பொருளை எல்லோரும் நம்பியிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் பழைய வீட்டின் ஆபத்து போய்விடவில்லை. 2015 ஜூலையில் தெரியவந்த ஓட்டை ஒன்றில், தந்திரமாகத் தயாரித்த ஒரே ஒரு பாக்கெட் பைண்ட் 9-ஐ நிறுத்திவிடும் என்ற நிலை. அதன்பிறகுதான் அறை அறையாக மாற்றிக் கட்டும் வேலை வேகம் பிடித்தது. 2020-இல் வந்த 9.16-இல் நெட்வொர்க் பகுதியை மாற்ற ஆரம்பித்தார்கள். 2022-இல் வந்த 9.18, டி.என்.எஸ். கேள்விகளை மறைகுறியாக்கி அனுப்பும் முறைகளைப் புரிந்துகொண்டது. இடிக்காமல் கட்டுவது மெதுவான வேலை, விளம்பரமும் கிடைக்காது. ஆனால் குடியிருப்பவர்கள் வெளியேற வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் சம்பளம் எங்கிருந்து? மென்பொருள் இலவசம், சப்போர்ட் ஒப்பந்தத்துக்குத்தான் காசு. ஒப்பந்தம் போட்டவர்களுக்கு ஓட்டைகளைப் பற்றி ஊருக்குச் சொல்வதற்கு முன்பே தகவல் போய்விடும். இது அநியாயம் என்று சண்டை போடுபவர்கள் உண்டு. ஆனால் இத்தனை வருடம் ஓசியில் ஓட்டிக்கொண்டு, ஒரு பைசா கொடுக்காத பெரிய கம்பெனிகள் அந்தச் சண்டைக்கு வரக்கூடாது :-)