நானுஓயாவில் நான்கு மேசைகள்

வெளிநாட்டில் கிளை திறப்பதென்பது ஒரு காலத்தில் பெரிய முதலாளிகளுக்கு மட்டுமே கைகூடிய காரியம். கட்டடம் பிடிக்க வேண்டும். பல மாத வாடகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். மேசை நாற்காலி, தொலைபேசி, காவலாளி என்று செலவு நீளும். வியாபாரம் சரிவருமா என்று தெரிவதற்குள் கைப்பணம் கரைந்துவிடும்.

இன்று நிலைமை வேறு. தொரன்டோவிலோ சென்னையிலோ பத்துப் பேரை வைத்துத் தொழில் செய்பவர்கூடக் கொழும்பில் மாத வாடகைக்கு இரண்டு மேசைகளை எடுத்துக்கொள்ளலாம். இணையம், கூட்ட அறை, வரவேற்பாளர், மின்பிறப்பாக்கி யாவும் பொது. நாட்டின் சட்டதிட்டங்களை விளக்கக்கூடிய ஆட்கள் அடுத்த மேசையிலேயே இருப்பார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டு வளரலாம். சரிவராவிட்டால் பெட்டியைக் கட்டலாம். இலங்கையின் 2007 ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டப்படி, இங்கு பதிவு செய்யும் எந்தக் கம்பனிக்கும் நாட்டுக்குள் ஒரு பதிவு அலுவலகம் வேண்டும். அந்த முகவரியையும் பல இடங்களில் இவர்களே ஏற்பாடு செய்து தருகிறார்கள். ஆங்கிலத்தில் இதனைக் கோ-வொர்க்கிங் என்கிறார்கள். நாம் கூட்டு அலுவலகம் என்று சொல்லிக்கொள்வோம்.

இது ஏதோ நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ரீஜஸ் நிறுவனம் பிரசெல்ஸ் நகரில் தொடங்கியது 1989 இல். வீவொர்க் நியூயோர்க்கில் பிறந்தது 2010 இல்; அளவுக்கு மீறிக் கட்டடங்களைக் குத்தகைக்கு எடுத்து 2023 நவம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியதும் அதே நிறுவனந்தான். ஆனால் கடல் கடந்து போகும் வியாபாரத்துக்குக் கூட்டு அலுவலகத்தை வாசலாக வைத்தவர்களைத் தேடி நியூயோர்க் வரை போக வேண்டியதில்லை. நம்மவர்களே அதைச் செய்திருக்கிறார்கள்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கியைத்தான் சொல்கிறேன். கொழும்புச் செட்டியார் தெருவிலும், பினாங்கிலும், சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும், ரங்கூனிலும் அவர்கள் தனித்தனிக் கடை போட்டு உட்காரவில்லை. ஒரே நீண்ட கூடத்தில் பல கடைகளின் ஆட்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தரையோடு ஒரு சிறு கணக்கு மேசை, ஒரு பெட்டி. சமையல் பொது, படுக்கை அதே கூடத்தில். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவர் அனுப்பிய ஆள் மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்ப, அடுத்தவர் வருவார். கடைக்குப் பெயர், முதலாளியின் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த 'விலாசம்'. புதிதாக வந்தவருக்கு யாரை நம்பலாம், யாருக்குக் கடன் கொடுக்கக்கூடாது என்பதை அந்தக் கூடமே கற்றுக்கொடுத்தது.

இதே கொழும்பில், கோட்டைப் பகுதியில், வெள்ளைக்காரர்கள் நடத்திய இன்னொரு வகைக் கூட்டு அலுவலகம் இருந்தது. அதுதான் மலையகத்தின் தலைவிதியை எழுதியது. அதன் பெயர் ஏஜென்சி ஹவுஸ்.

கோப்பிக் காலத்தில் தோட்டம் போட்டவர்களில் பலர் தனி மனிதர்கள். 1869 இல் வந்த இலைநோய் அவர்களை ஆட்டம் காணச் செய்தது. 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி விழுந்தபோது எஞ்சியவர்களில் பலரும் விழுந்தார்கள். பிறகு வந்த தேயிலைக்குத் தொழிற்சாலை வேண்டும், இயந்திரங்கள் வேண்டும். அவ்வளவு முதலைத் தனியொருவரால் போட முடியாது. இலண்டனில் பங்கு விற்றுக் கம்பனிகள் தோன்றின. ஆனால் அந்தக் கம்பனிகளுக்கு இலங்கையில் அலுவலகமோ, ஆளோ, அனுபவமோ கிடையாது. இவை எல்லாவற்றையும் வாடகைக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்தவைதாம் ஏஜென்சி ஹவுஸ்கள். 1835 இல் தொடங்கிய ஜோர்ஜ் ஸ்டுவர்ட் அவற்றுள் மூத்த ஒன்று. விட்டல், கார்சன் போன்ற பெயர்களும் பழைய தலைமுறைக்குப் பழக்கமானவை.

துரையை நியமிப்பது, உரமும் இயந்திரமும் அரிசியும் வாங்கி அனுப்புவது, கணக்கு எழுதுவது, தேயிலையை ஏலத்துக்குக் கொண்டுபோவது, கப்பலேற்றுவது, இலாபத்தை இலண்டனுக்கு அனுப்புவது எல்லாம் இவர்கள் பொறுப்பு. விசிட்டிங் ஏஜெண்ட் என்றொருவர் தோட்டம் தோட்டமாகச் சென்று பார்த்து அறிக்கை எழுதுவார். ஒரே அலுவலகம், ஒரே எழுதுவினைஞர் கூட்டம். ஆனால் அந்தக் கூரையின் கீழ் பற்பல கம்பனிகள், பற்பல தோட்டங்கள். கட்டணமும் தரகும் அலுவலகத்துக்கு. இன்றைய கூட்டு அலுவலகம் தருவதாகச் சொல்லும் வசதிகள் அத்தனையும், அவற்றுக்கு மேலும், அங்கே இருந்தன.

1885 இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. அடுத்த சில ஆண்டுகளுக்கு அதுதான் பாதையின் முடிவிடம். நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் இன்றும் இறங்கும் நிலையமாகத்தான் வெளியூராருக்கு அந்தப் பெயர் தெரியும். ஆனால் சுற்றியுள்ள தோட்டப் பெயர்களைப் பாருங்கள்: எடின்பரோ, சமர்செட், கிரேட் வெஸ்டர்ன். மலை இங்கே, பெயர் அங்கே. இடையில் இருந்தது கொழும்புக் கோட்டையில் ஓர் அலுவலகம்.

அந்த ஏற்பாட்டின் விளைவு என்ன? முதலுக்கு நுழைவது எளிதாயிற்று. தொழிலாளிக்கு முதலாளி யார் என்பது தெரியாமலே போயிற்று. கூலியைக் கேட்டால் துரை கம்பனியைக் காட்டுவார். கம்பனி என்றால் ஏஜென்சி. ஏஜென்சியைக் கேட்டால் இலண்டன். இலண்டன் பங்குதாரருக்கோ நானுஓயா எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. பொறுப்பு ஒவ்வொரு படியிலும் நழுவி, கடைசியில் எவர் கையிலும் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறை தலைமுறை தலைமுறையாக அப்படியே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளியேறுவதும் எளிதாகவே இருந்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. பிரித்தானியக் கம்பனிகள் நட்டஈடு பேசிக் கணக்கை முடித்தன. ஏஜென்சி ஹவுஸ்களில் சில வேறு தொழில்களுக்கு மாறிக் கொழும்பின் பெரும் நிறுவனங்களாக இன்றும் நிற்கின்றன. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 1964 ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்ட மக்களுக்குத்தான் போக்கிடம் இல்லை. 1992 இல் தோட்டங்கள் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோதும் அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். 2015 இல் எழுந்த ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை 2021 வரை இழுபட்டது. அதற்குள் விலைவாசி ஆயிரத்தின் பெறுமதியைத் தின்றுவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. வெளிநாட்டு முதல் ஒரு கூட்டு அலுவலகத்தின் வழியாக நுழையும்போது, தொழிலின் சூட்சுமம் அந்த அலுவலகத்தில்தான் தங்குகிறது. ஏலம், காப்புறுதி, கப்பல், வங்கி பற்றிய அறிவெல்லாம் கோட்டையில் தங்கிற்று. மலையில் தங்கியது கொழுந்து பறிக்கும் அறிவு மட்டுமே. 1888 இல் ஹட்டனில் தோட்டக்காரர்களுக்காகப் பிறந்த ஹட்டன் வங்கிகூட வளர்ந்து பெரிதாகிக் கொழும்பில்தான் கோபுரம் கட்டியது. ஆகவே கூட்டு அலுவலகம் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. அது எந்த ஊரில் இருக்கிறது, அதில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று கேட்க வேண்டும்.

என் கருத்து இதுதான். புலம்பெயர்ந்த தமிழ்த் தொழில்முனைவோரும் தமிழகத்து நிறுவனங்களும் இலங்கையில் கால்வைக்கும்போது, கொழும்பில் ஒரு முகவரி வைத்துக்கொள்ளட்டும், தவறில்லை. ஆனால் வேலை நடக்கும் மேசைகளில் நான்கையாவது நானுஓயாவிலோ ஹட்டனிலோ தலவாக்கலையிலோ போடட்டும்.

மலையகத்துப் பிள்ளைகள் உயர்தரம் படிக்கிறார்கள், பல்கலைக்கழகம் போகிறார்கள், கணினி படிக்கிறார்கள். படித்து முடித்ததும் கொழும்புக்கு பஸ் ஏறுகிறார்கள். விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக, ஊருக்கு அனுப்ப மிஞ்சுவது கொஞ்சம். பெண்பிள்ளைகளைத் தனியே அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்யலாமே என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரே அறையில் ஆறு பேர் வாழும் லயத்தில் எந்த மூலையில் மடிக்கணினியை வைப்பது? கொழும்பில் கூட்டு அலுவலகம் ஒரு வசதி. மலையகத்தில் அது இல்லாவிட்டால் வேலையே இல்லை.

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும்.

முதலாவது, அங்கே ஆள் கிடைக்குமா என்பது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்ற கிராமத்தில் சோஹோ நிறுவனம் 2011 இல் அலுவலகம் திறந்தபோதும் இதே கேள்விதான் எழுந்தது. நகரத்திலிருந்து ஆட்களைக் கொண்டுபோவதை மட்டும் நம்பாமல் உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். அங்கிருந்து வெளியாகும் மென்பொருள் உலகெங்கும் விற்பனையாகிறது. சோஹோ பெரிய நிறுவனம், அதனால் தனியே செய்ய முடிந்தது. சிறு நிறுவனங்களால் தனியே முடியாது. நான்கு நான்கு மேசையாகப் பத்து நிறுவனங்கள் சேர்ந்தால் முடியும். கிட்டங்கியின் கணக்கும் அதுதானே?

இரண்டாவது, மின்சாரமும் பாதையும். இது நியாயமான கேள்வி. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொண்டுவந்த மழையில் மலைகள் சரிந்தன, உயிர்கள் போயின, மலைநாட்டுப் புகையிரதப் பாதை பல இடங்களில் உடைந்தது. மலையில் எதைக் கட்டினாலும் மண்சரிவு ஆய்வு செய்யாமல் கட்டக்கூடாது. ஆனால் தனித்தனி வீடுகளுக்கு மின்பிறப்பாக்கியும் செய்மதி இணைய இணைப்பும் கொடுக்க முடியாது. நாற்பது பேர் அமரும் ஒரு மண்டபத்துக்குக் கொடுக்கலாம். ஸ்டார்லிங்க் சேவை இலங்கையில் 2025 ஜூலையில் தொடங்கிவிட்டது. கட்டடத்துக்கும் பஞ்சமில்லை. கந்தப்பளையில் மூடப்பட்டுக் கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை தொண்ணூறுகளில் ஆடம்பர ஹோட்டலாக மாறியது. துரைமார் பங்களாக்கள் உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகியிருக்கின்றன. விருந்தினருக்காகச் செய்ய முடிந்ததை அந்த மண்ணின் பிள்ளைகளுக்காகவும் செய்யலாம்.

ஆனால் நிபந்தனை இல்லாமல் இந்த வாசலைத் திறக்கக்கூடாது. பழைய கதை புதிய மேசையில் திரும்பிவிடும்.

வேலைக்கு எடுப்பவர் யார் என்பது நியமனக் கடிதத்தில் பெயரோடும் இலங்கை முகவரியோடும் இருக்க வேண்டும். மாதா மாதம் முழு நேரம் வேலை வாங்கிக்கொண்டு, அவர் சுயாதீன ஒப்பந்தக்காரர் என்று காகிதத்தில் எழுதித் தப்பிக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் பெருகி வருகிறது. அதை இங்கு அனுமதிக்கலாகாது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் தரவேண்டிய 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதமும் முதல் மாதத்திலிருந்தே கட்டப்பட வேண்டும். தோட்டத் தொழிலாளியான தாய்க்குச் சட்டப்படி உள்ள இந்த உரிமை, கணினி படித்த மகளுக்கு இல்லாமல் போவது முன்னேற்றம் ஆகாது.

அடுத்தது, அந்த அலுவலகத்தை நடத்துபவர்களும் உள்ளூரவர்களாக இருக்க வேண்டும். தரவு பதியும் வேலையோடு நிறுத்திவிடாமல் கணக்கு, ஒப்பந்தம், வாடிக்கையாளர் தொடர்பு ஆகியவற்றையும் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் ஒருநாள் மேசையைக் காலி செய்துகொண்டு போகலாம். போகும் உரிமை அதற்கு உண்டு. அது போன பிறகு, அந்த மேசையில் இருந்தவர் சொந்தமாக ஒரு தொழிலைத் தொடங்கும் அளவுக்குக் கற்றிருக்க வேண்டும். ஏஜென்சி ஹவுஸ் கொழும்புக்குச் செய்ததை இந்தக் கூட்டு அலுவலகம் மலையகத்துக்குச் செய்யட்டும்.

பிரதேச சபைகளும் மலையக அரசியல் தலைமைகளும் வருகிற ஒவ்வொரு தேர்தலிலும் வீடு, சம்பளம் என்று பேசுகிறார்கள். பேச வேண்டியவைதாம். அந்தப் பட்டியலில் இதையும் சேர்க்கலாம். அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருக்காமல், வெளிநாட்டில் தொழில் நடத்தும் நண்பர்கள் நான்கு மேசைகளுக்கான வாடகையோடு தொடங்கலாம். கொழும்பில் இரண்டு மேசைக்குக் கொடுப்பதைவிட அது அதிகமாக இருக்காது.