குருத்தைத் துளைக்கும் வண்டும் தீக்குச்சி எடுக்கும் கையும்

இவ்விதழைப் படிக்கும் தம்பி தங்கைகளில் பலர் தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்கள். உங்களில் சிலருடைய பெற்றோர் இன்று இரண்டு, மூன்று ஏக்கர் செம்பனை நிலத்துக்குச் சொந்தக்காரர்களாகவும் இருக்கலாம். அந்த நிலத்தைப் பற்றி நாம் விடுதி அறையில் பேசுவதில்லை. கழகக் கூட்டங்களிலும் பேசுவதில்லை. நானும் படித்த காலத்தில் பேசியதில்லை. அந்தக் குற்ற உணர்வோடுதான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் குலை வெட்டியவர். ஓய்வு பெற்றதும் சேமநிதிப் பணத்தில் புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஐந்து ஏக்கர் வாங்கினார். மரங்கள் அப்போதே வயதானவை. செம்பனைக்கு இருபத்தைந்து வயது என்றால் ஏறக்குறைய ஓய்வு வயதுதான். அதற்கு மேல் மரம் உயர்ந்துவிடும், குலை வெட்டச் சிரமம், விளைச்சலும் இறங்கும். மறுநடவு செய்தே ஆகவேண்டும்.

ஆனால், புதுக் கன்று காய்ப்புக்கு வர இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை குடும்பம் எதைச் சாப்பிடும்? அப்பா சிறுதோட்டக்காரர்கள் பலர் செய்வதைத்தான் செய்தார். பழைய மரங்களில் பாதிக்கு மருந்து ஏற்றி நின்ற நிலையிலேயே சாகவிட்டார். அவற்றின் அடியில் கன்றுகளை நட்டார். மீதி மரங்களில் குலை வெட்டிக் கொண்டிருந்தார். கணக்குப்படி சரியான ஏற்பாடு. ஆனால், அந்தக் கணக்கில் வண்டு இல்லை.

காண்டாமிருக வண்டைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கொம்பு வண்டு என்று நூலில் கட்டிப் பறக்கவிட்டு விளையாடியிருக்கிறோம். அது முட்டையிடும் இடம் மக்கும் மரம், மட்டைக் குவியல், சாணக் குப்பை. ஒரு பெண் வண்டு 50க்கும் மேற்பட்ட முட்டைகள் இடும். முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளிவர ஏறக்குறைய ஐந்தாறு மாதங்கள். புழு மக்கிய மரத்தைத்தான் தின்னும், கன்றைத் தொடாது. இரவில் பறந்துவந்து குருத்தின் அடியைத் துளைப்பது வளர்ந்த வண்டு. பிறகு விரியும் மட்டையைப் பார்த்தால் கத்திரியால் முக்கோணமாக வெட்டியதுபோல் இருக்கும். வளர்முனை வரை துளைத்துவிட்டால் கன்று செத்துவிடும்.

இரண்டாம் ஆண்டில் எங்கள் கன்றுகளில் அந்த வெட்டு தெரிந்தது. விடுமுறைக்கு வீடு சென்றபோது அப்பா சொன்னார்: “ஒரு தீக்குச்சி போதும்டா. அந்தக் காலத்துல தொரைமாரே கொளுத்திட்டுதான் நட்டாங்க.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. முன்பு மறுநடவு என்றால் மரத்தைச் சாய்த்து, காயவைத்து, எரிப்பதுதான் வழக்கம். எரியாமல் மறுநடவு செய்யும் முறையை 1980களின் இறுதியில் மலேசியத் தோட்டங்கள் பெரிய அளவில் கைக்கொள்ளத் தொடங்கின. பிறகு சட்டமும் வந்தது. 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி, சில விதிவிலக்குகள் தவிர, திறந்தவெளியில் எரிப்பது குற்றம். எரிக்காமல் விட்ட மரங்கள் நிலத்திலேயே மக்கத் தொடங்கியதும் வண்டு பெருகியது என்பதும் உண்மையே. ஓர் எக்டரில் சாய்க்கப்படும் செம்பனை மரங்களின் உலர்எடை மட்டுமே சுமார் 75 டன். வண்டுக்கு அது விருந்து.

ஒரு பிப்ரவரி மாத வறட்சியில் அப்பா ஒரு குவியலுக்குத் தீ வைத்தார். நான் தடுக்கவில்லை. மரத்தின் வெளிப்புறம் கருகியது. ஈரமான உட்புறம் அப்படியே இருந்தது. புழுக்களும் இருந்தன. ஆனால், தீ எங்கள் நிலத்தின் தாழ்ந்த மூலைக்குப் போய்விட்டது. அங்கே காம்புட் எனப்படும் கரிமண். மேலே அணைத்தாலும் அடியில் கனன்றது. பக்கத்து நிலத்து ஜாவாக்காரப் பெரியவர் தம் பிள்ளைகளோடு ஓடிவந்தார். மூன்று நாட்கள் வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றினோம். அவருடைய மரங்கள் பதினொன்று கருகின. அவர் திட்டவில்லை. “அடுத்த முறை கொளுத்துவதற்கு முன் என்னைக் கூப்பிடுங்கள், மகனிடம் பேக்கோ இருக்கிறது” என்று மட்டும் சொன்னார். அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை.

கரிமண் என்பது முழுதும் மக்காத தாவரப் பொருள். தண்ணீர் நிறைந்திருக்கும்வரை அது எரியாது. வாய்க்கால் வெட்டி வடித்தால் விறகாகிவிடும். வட சிலாங்கூரின் ராஜா மூசா வனக்காப்பகத்தில் நடந்தது இதுதான். பழைய வெட்டுமர வாய்க்கால்கள் நீரை வடித்தன, நிலம் காய்ந்தது, தீ மீண்டும் மீண்டும் வந்தது. 2008 முதல் வனத்துறையும் அரசுசாரா அமைப்பும் ஊர்மக்களும் சேர்ந்து அந்த வாய்க்கால்களை அடைத்து, மரம் நட்டு வருகிறார்கள். 2005 ஆகஸ்ட்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, கோலசிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. நான் அப்போது பள்ளி மாணவன். அந்தப் புகையின் பெரும்பகுதி சுமத்திராவிலிருந்து வந்தது. எல்லாரோடும் சேர்ந்து நானும் அடுத்த நாட்டைத் திட்டினேன். பின்னர் எங்கள் சொந்த மூலையிலேயே புகை எழுந்தபோதுதான் வாயடைத்துப் போனேன்.

அப்படியானால் என்னதான் வழி? வழி இருக்கிறது, அதுவும் புதியதல்ல. பழைய மரத்தை நின்ற நிலையில் அழுகவிடாமல் சாய்க்க வேண்டும். தண்டைப் பத்து சென்டிமீட்டருக்கு மிகாத சில்லுகளாகச் சீவி, குவிக்காமல் பரப்ப வேண்டும். அப்போது அது விரைவில் காய்ந்து மக்கும்; புழுவுக்கு இடம் இராது. அதன்மேல் முக்குனா போன்ற மூடுகொடியை அடர்த்தியாகப் படரவிட்டால் வண்டு மரத்துண்டைக் கண்டுபிடிப்பது கடினம். மண்ணுக்குத் தழைச்சத்தும் கிடைக்கும். புழு உள்ள இடங்களில் மெட்டாரைசியம் என்னும் பூஞ்சணம் இடலாம். இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம். கரிமண் உள்ள மூலையில் வாய்க்கால் நீரை வடிய விடாமல் தடுப்பு வைக்கலாம்.

இதில் எதையும் ஐந்து ஏக்கர்க்காரர் தனியாகச் செய்து வெல்ல முடியாது. இதுவே என் கட்டுரையின் மையக் கருத்து. நம் நிலத்தில் மட்டும் பொறி வைத்தால் அக்கம்பக்கத்து வண்டுகளையும் நாமே விருந்துக்கு அழைத்ததாகும். நாம் மரத்தைச் சீவினாலும் பக்கத்தில் ஐம்பது மரம் நின்று அழுகினால் பயனில்லை. சொல்லப்போனால், எங்கள் வட்டாரத்தில் வண்டை வளர்த்துப் பக்கத்துக்கு அனுப்பியவர்கள் நாங்கள்தான். எக்ஸ்கவேட்டர் வாடகை ஒருவருக்குச் சுமை. எட்டுப் பேர் ஒரே மாதத்தில் மறுநடவு செய்தால் பகிர்ந்துகொள்ளலாம்.

கூட்டாகச் செயல்படுவது நமக்குப் புதிதா? துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பாட்டாளிகளின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கியது. இன்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் சிறுதோட்டக்காரர்களைக் குழுக்களாகச் சேர்த்து ஆலோசனை சொல்கிறது. 2020 முதல் கட்டாயமான எம்எஸ்பிஓ சான்றிதழும் எரிக்காத மறுநடவையே கேட்கிறது.

அறிவுக்கும் இங்கே பஞ்சமில்லை. 1909இல் இலங்கையிலிருந்து போன ரப்பர்க் கன்றுகளோடு இந்த வண்டு சமோவாத் தீவில் நுழைந்து தென்னைகளை அழித்தது. அதை அடக்கிய வைரஸ் நம் நாட்டு வண்டுகளில்தான் 1963இல் கண்டறியப்பட்டது. 1967இல் சமோவாவில் விடப்பட்டது. பசிபிக் தீவுகளுக்கு மருந்து தந்த மண்ணில் என் அப்பா கையில் இருந்ததோ ஒரு தீப்பெட்டி. ஆய்வுக் கட்டுரைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த மகன் தலைநகரில் இருந்தான். அவன் ஒருமுறைகூட எடுத்துச் சொல்லவில்லை.

எனவே, தம்பி தங்கைகளே, அடுத்த விடுமுறைக்கு வீடு செல்லும்போது அப்பாவோடு நிலத்துக்குப் போங்கள். குருத்தைப் பாருங்கள். பக்கத்து நிலத்துக்காரர் மலாய்க்காரரோ சீனரோ தமிழரோ, அவர் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். எட்டுப் பேரை ஒரு மேசையில் உட்கார வையுங்கள். நம் கழகமும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தோட்டப்புறத்தில் தமிழில் ஒரு விளக்கக் கூட்டம் நடத்தலாம். மொழி வளர்ச்சிக்கும் அது தொண்டுதான்.

சென்ற ஆண்டு எங்கள் மீதி மரங்களைச் சாய்த்தோம். ஜாவாக்காரப் பெரியவரின் மகன்தான் பேக்கோ ஓட்டினார். கருகிய பதினொரு மரங்களுக்கும் அப்பா கன்று வாங்கிக் கொடுத்தார். இப்போது இரு நிலங்களிலும் ஒரே கொடி படர்ந்திருக்கிறது. எல்லைக்கல்லைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.