ஊதாரி மைந்தன் விரும்பிய நெற்று



ஊதாரி மைந்தன் உவமையை மறைக்கல்வி வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். "சாமி, பன்றி தின்ற நெற்று எந்தச் செடியில் காய்க்கும்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். நல்ல கேள்வி!

லூக்காஸ் நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'கெராத்தியோன்'. 'சிறு கொம்பு' என்பது அதன் பொருள். கொம்புபோல் வளைந்து காய்க்கும் கரோப் மரத்தின் நெற்றையே அது குறிக்கிறது என்பர் அறிஞர். மத்தியதரைக் கடலோரத்து வறண்ட கற்பாறை நிலங்களில் என்றும் பசுமையாய் நிற்கும் மரம் அது. முற்றிய நெற்று கரும்பழுப்பு நிறம்; சாண் நீளம். அதன் சதையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரையே!

கோடை முடிவில் கழிகொண்டு நெற்றுகளை உதிர்ப்பர். கால்நடைக்குத் தீனியாவதும் அதுவே. மனிதருக்கு உணவாவதும் அதுவே. லெபனோனிலும் சைப்ரஸிலும் அதைக் காய்ச்சிப் பாகு எடுப்பர். மால்டாத் தீவில் அப்பாகினாலான மிட்டாய் தவக்காலத்துத் தின்பண்டம். ஜெர்மானியர் இந்நெற்றை 'அருளப்பர் அப்பம்' என்பர். ஸ்நாபக அருளப்பர் பாலைவனத்தில் உண்டது இதுவே என்பது பழைய எண்ணம். ஆனால் நற்செய்தியிலுள்ள சொல் வெட்டுக்கிளியையே குறிக்கும்.

விதையின் கதை வேறு. வைரத்தை நிறுக்கும் 'காரட்' என்னும் சொல் 'கெராத்தியோன்' என்பதிலிருந்தே பிறந்தது. எடை மாறாதது என நம்பி அவ்விதையை முன்னோர் தராசில் இட்டனர். உண்மையில் விதைக்கு விதை எடை மாறும். எனவே 1907-ஆம் ஆண்டு உலக மாநாடு ஒரு காரட் 200 மில்லிகிராம் என வரையறுத்தது. இன்று அவ்விதையின் பசை பனிக்கூழைக் கெட்டியாக்கப் பயன்படுகிறது.

ஆகவே, அம்மைந்தன் விரும்பியது நஞ்சுமன்று, குப்பையுமன்று. ஏழைகள் உண்டு பசியாறும் இனிய நெற்று. பன்றிக்குக் கிடைத்த அதுவும் அவனுக்குக் கிடைக்கவில்லை. "கொடுப்பார் எவருமில்லை" என்பதே நற்செய்தியாளர் காட்டும் துயரம். அவன் நிலை இழிந்தது உணவின் தாழ்வினாலன்று. கொடுக்கும் கை இல்லாமையினால்.

தந்தையோ அவன் கேளாத முன்னரே விருந்து வைத்தார். நம் வாசலில் பசியோடு நிற்பவனிடம், "நீ ஏன் இந்நிலைக்கு வந்தாய்?" என்று முதலில் கேட்கிறோமா, அல்லது முதலில் சோறிடுகிறோமா? இல்லத்தாரே, சிந்திப்போம்.